அம்பு எங்கிருந்து புறப்படுகிறது? கரிம வேதியியலில் தடுமாறிய ஒரு மாணவி: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வரும் மாணவி வேதியியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. நடந்ததை எழுத அவர் சம்மதித்திருக்கிறார். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்றார், அதனால் மாணவி என்றே சொல்கிறேன். நான் அவருடைய வகுப்பாசிரியை இல்லை. தனியாகப் பாடம் சொல்லித் தருபவள். வாரம் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம் வீதம், பதினாறு வாரம் அவரோடு உட்கார்ந்தேன்.

முதல் நாள் வரும்போதே கரிம வேதியியல் விடைத்தாளைக் கொண்டுவந்திருந்தார். நூற்றுக்கு 31. அதே பருவத்தில் இயற்பியல் வேதியியலில் 74, கனிம வேதியியலில் 70. பள்ளியில் அவருக்குப் பிடித்ததே கரிம வேதியியல்தானாம்; பெயர் வினைகளை வரிசையாக ஒப்பிப்பாராம். படிக்காமல் வாங்கிய 31 இல்லை அது. பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட அட்டைக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். எண்ணிப் பார்த்தேன், 164 அட்டைகள். முன்பக்கம் நீல மையில் வினைபடுபொருள், அதன்கீழ் சிவப்பில் வினைக்காரணி, பின்பக்கம் விளைபொருள். எந்த அட்டையை உருவி நீட்டினாலும் நொடியில் பதில் வந்தது.

“பார்த்தா எல்லாம் புரியுது மேடம். புத்தகத்தை மூடிட்டு எழுதினா ஒண்ணும் வரமாட்டேங்குது” என்றார். இந்தப் பாடத்தில் தடுமாறும் பத்துப் பேரில் எட்டுப் பேராவது இதைத்தான் சொல்வார்கள். அதனாலேயே அதை நான் காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் மூன்று வாரம்: தவறான சிகிச்சை

விடைத்தாளை மட்டும் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். விட்டுப்போன கேள்விகள் நிறைய; சில வினைக்காரணிகள் மாறிப்போயிருந்தன. சரி, பாடம் ஒழுங்குபடாமல் கிடக்கிறது, அடுக்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். பதிலீடு, நீக்கம், சேர்ப்பு என்று மூன்று பெரிய அட்டவணை போட்டுக் கொடுத்தேன். தீர்த்த கணக்குகள் நாற்பதைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவரும் தவறாமல் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில் கல்லூரியில் சிறுதேர்வு. 28.

அவர் அழவில்லை. “நான் இதுக்கு லாயக்கில்லைன்னு நினைக்கிறேன்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது, ஏனென்றால் அந்த மூன்று வாரமும் நான் சொன்னதை அவர் அப்படியே செய்திருந்தார்.

நான் செய்தது என்ன என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஏற்கெனவே 164 அட்டை சுமந்தவருக்கு இன்னும் மூன்று அட்டவணை ஏற்றிவிட்டேன். தீர்த்த விடையைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னதும் அதே கோளாறுதான். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் செய்துகாட்டிய ஒரு சோதனை உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். பார்க்கும்போது வரும் தெளிவு, வந்த வேகத்திலேயே போய்விடக்கூடியது. இதைத் தெரிந்துவைத்திருந்தும் நான் அந்த நாற்பது கணக்கைப் ‘பார்க்க’ கொடுத்தேன்.

நான்காவது வாரம்: கவனித்தது

அன்று அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன். மூவிணைய பியூட்டைல் புரோமைடுடன் சோடியம் மெத்தாக்சைடு சேர்ந்தால் என்ன கிடைக்கும்? எழுதும்போது மனதில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொன்னேன். நான் குறுக்கே பேச மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

“ஆல்கைல் ஹாலைடு... ஆல்காக்சைடு... இது வில்லியம்சன். அப்போ ஈதர்.” எழுதிவிட்டார். மூவிணைய பியூட்டைல் மெத்தில் ஈதர். அப்புறம், அதாவது விடையை எழுதி முடித்த பிறகு, இடப்பக்கம் திரும்பி வந்து அம்புகளைப் போட ஆரம்பித்தார். ஒரு அம்பு புரோமினிலிருந்து கார்பனை நோக்கி. இன்னொன்று சோடியத்திலிருந்து புரோமினுக்கு. ஒவ்வொரு அம்பும் அழகாக, ஒரே வளைவில் இருந்தது.

அந்தப் புரோமின் அம்பின் மேல் விரலை வைத்து, “இந்த அம்பு என்ன சொல்லுது?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். “புரோமின் இங்கே இருந்து போகுதுன்னு சொல்லுது மேடம். இல்ல... வருதா?”

மூன்று வாரமாக விடைத்தாள் காட்டாததை அந்த ஒரு நிமிடம் காட்டிவிட்டது. அவருக்கு அம்பு என்பது விடை எழுதிய பிறகு போடும் அலங்காரம். அணு நகர்வதைக் காட்டும் குறி என்று நினைத்துக்கொண்டிருந்தார். 1922ல் கெர்மாக்கும் ராபின்சனும் இந்த வளைந்த அம்பைக் கொண்டுவந்தது எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று சொல்வதற்கு. எலக்ட்ரான் இணை இருக்கும் இடத்தில் அம்பு புறப்பட வேண்டும், எலக்ட்ரான் குறைந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். இந்த ஒரு வரி அவருடைய குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு இருந்தது. ஆனால் கைக்கு வரவில்லை.

இரண்டாவது விஷயம், விடையே தவறு. மூவிணைய கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மெத்தாக்சைடு பின்பக்கமாக நுழைய வழியில்லை. அது வலிமையான காரமும்கூட. ஆகவே பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனை இழுக்கிறது, இரட்டைப் பிணைப்பு உருவாகிறது, புரோமைடு வெளியேறுகிறது. கிடைப்பது பெரும்பாலும் 2-மெத்தில்புரோப்பீன். அதே ஈதர் வேண்டுமென்றால் ஜோடியை மாற்ற வேண்டும்: மெத்தில் புரோமைடும் மூவிணைய பியூட்டாக்சைடும். வில்லியம்சன் அட்டை அவர் கட்டில் சரியாகத்தான் இருந்தது. எப்போது அந்த அட்டையை எடுக்கக்கூடாது என்பது எந்த அட்டையிலும் இல்லை.

அதே வாரத்தில் இன்னும் ஆறு கேள்விகள் இப்படி வாய்விட்டுச் செய்ய வைத்தேன். ஒன்றில் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வந்தது. இன்னொன்றில் ஹைட்ரஜன் அயனியிலிருந்து ஆக்சிஜனுக்கு அம்பு போனது. கொடுப்பதற்கு ஒரு எலக்ட்ரான்கூட இல்லாத அயனி அது. இடப்பக்கம் எதிர்மின்சுமை ஒன்று, வலப்பக்கம் மின்சுமையே இல்லை, அதை அவர் கவனிக்கவும் இல்லை. ஆறிலும் அவர் விளைபொருளைத்தான் முதலில் எழுதினார்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அட்டைக் கட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக்குப் புது வினை எதுவும் கிடையாது என்றேன். தேர்வு நெருங்கும்போது இப்படிச் செய்வது துணிச்சல்தான். அவருடைய வகுப்பு அதற்குள் ஆல்கஹாலைத் தாண்டி ஆல்டிஹைடுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அடியில் இருப்பது ஆடும்போது மேலே அடுக்குவதில் பயனில்லை என்று தோன்றியது.

முதலில் எடுத்தது அமிலமும் காரமும். கரிம வேதியியலில் பல வினைகளின் முதல் படி ஒரு புரோட்டான் கைமாறுவதுதான். பிகேஏ மதிப்புகள் (எண் சிறிதானால் அமிலம் வலிமையானது) சிலவற்றை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னேன்: அசிட்டிக் அமிலம் 4.76, அம்மோனியம் அயனி 9.2, பீனால் 10, எத்தனால் 16, அசிட்டோன் ஏறக்குறைய 20, அசிட்டிலீன் 25, அம்மோனியா 38, மீத்தேன் ஏறக்குறைய 50. எண் சிறிதாக இருக்கும் பக்கத்திலிருந்து புரோட்டான் பெரிய எண்ணின் பக்கம் போய்ச் சேரும். எத்தனாலுக்கும் பீனாலுக்கும் நடுவில் ஆறு எண் வித்தியாசம் ஏன் என்று கேட்டு அவரையே படம் போட வைத்தேன். பீனாக்சைடின் எதிர்மின்சுமை ஓர் இடத்தில் நிற்காமல் உடனிசைவால் வளையத்துக்குள் பரவுவதை வரைந்து முடித்ததும், “அப்போ எதிர்மின்சுமைக்கு எது வசதியோ அந்தப் பக்கம்தான் எல்லாம் போகுதா மேடம்?” என்றார். அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அடுத்தது ஒரு கட்டுப்பாடு. விளைபொருளை எழுதுவதற்கு முன் அம்பு. ஒவ்வொரு அம்புக்கும் வாயால் ஒரு வாக்கியம்: எந்த இணை, எங்கே போகிறது, எந்தப் பிணைப்பு உருவாகிறது அல்லது உடைகிறது. ஒரு படி முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் மொத்த மின்சுமையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் அம்பு தவறு, என்னைக் கேட்கத் தேவையில்லை. இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சரியா தவறா என்று ஒவ்வொரு வரிக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தாளிலேயே ஒரு தராசு கிடைத்தது.

விடைக்குறிப்புப் புத்தகத்தைத் தடை செய்யவில்லை. இருபது நிமிடம் முயன்ற பிறகே திறக்கலாம், திறந்தாலும் ஒரு படி மட்டும் பார்த்துவிட்டு மூட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இதை அவர் எத்தனை நாள் கடைப்பிடித்தார் என்று நான் துருவவில்லை.

ஐந்து முதல் ஒன்பது வாரம் வரை

முதல் பத்து நாள் மிக மெதுவாகப் போனது. ஒரு மணி நேரத்தில் மூன்று வினைகள். அவருக்குப் பொறுமை போனது, எனக்கும்தான்.

திருப்பம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது கிரிக்னார்டு கேள்வி. கிரிக்னார்டு வினைக்காரணியான மெத்தில் மெக்னீசியம் புரோமைடை அசிட்டிக் அமிலத்தில் சேர்த்தால்? பழைய பழக்கத்தில் கார்பனைல் கார்பனை (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன்) நோக்கி அம்பு போடப் பேனாவைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். “மேடம், அமிலத்தோட புரோட்டான் 4.76. மீத்தேன் 50. இது முதல்ல புரோட்டானை எடுத்துட்டுப் போயிடுமே?” ஆமாம், மீத்தேன் வாயுதான் வெளியேறும், கார்பனைல் பக்கம் போக கிரிக்னார்டு மிச்சம் இருக்காது. இந்த வினைக்கு அவரிடம் அட்டை கிடையாது. அட்டையே இல்லாத ஒரு கேள்விக்கு அவர் விடை கண்டுபிடித்தது அதுதான் முதல் முறை. அவர் முகத்தில் அப்போது வந்த மாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு கார்பனைல் பாடம் சட்டென்று நகர்ந்தது. ஆல்டிஹைடு, கீட்டோன் இரண்டுக்குமாக அவரிடம் இருந்தவை 23 அட்டைகள். மேசையில் பரப்பி வைத்து, எவை எல்லாம் ஒரே கதை என்று பிரிக்கச் சொன்னேன். ஹைட்ரஜன் சயனைடு சேர்ப்பு, ஆல்கஹால் சேர்ந்து அரைஅசிட்டால் உருவாவது, அமீனோடு இமீன், கிரிக்னார்டு, ஆல்டால். எல்லாவற்றிலும் எலக்ட்ரான் செழித்த ஒன்று, எலக்ட்ரான் குறைந்த கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது. இரட்டைப் பிணைப்பின் ஒரு இணை ஆக்சிஜனுக்குப் போகிறது. பிறகு என்ன ஆகும் என்பதில்தான் வேறுபாடு. 23ல் 17 ஒரே குவியலில் சேர்ந்தன.

முப்பரிமாணம் மட்டும் இந்த வழிக்கு வரவில்லை. ஆர்-2-புரோமோபியூட்டேனுடன் அசைடு அயனி எஸ்என்2 முறையில், அதாவது ஒரே படியில் பின்பக்கமாகத் தாக்கி, வினைபுரிந்தால் தலைகீழான எஸ் அமைப்பு கிடைக்கும் என்று சொல்வார். தாளில் வரையச் சொன்னால் முன்னால் நீட்டுவதைக் காட்டும் ஆப்புக் கோடும் பின்னால் போவதைக் காட்டும் விட்டுவிட்டுப் போகும் கோடும் இடம் மாறிப்போகும். தட்டையான தாளில் வரைந்ததை மனதுக்குள் திருப்பிப் பார்க்க அவரால் முடியவில்லை. நானும் நான்கு முறை தாளிலேயே விளக்கினேன். ஐந்தாவது முறைதான் களிமண் உருண்டைகளும் பல்குத்தும் குச்சிகளும் கொண்டுபோனேன். கையில் பிடித்து, பின்பக்கமாக ஒரு உருண்டையை நெருக்கி, மற்ற மூன்று குச்சிகளையும் குடை காற்றில் மறுபக்கம் திரும்புவதுபோல் அவரே திருப்பினார். வால்டன் 1896ல் கவனித்த திருப்பம் இதுதான். அரை மணி நேரத்தில் விஷயம் முடிந்தது. கார்பனின் நான்கு பிணைப்புகள் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று 1874ல் சொன்ன வான்ட் ஹாஃபே, அட்டையில் மாதிரிகள் செய்து மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அவர்களுக்கே கையில் பிடிக்க ஒன்று தேவைப்பட்டபோது, இந்தப் பெண்ணிடம் நான்கு வகுப்பு நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்று தெரியவில்லை.

பத்தாவது வாரம்: இரண்டாவது சறுக்கல்

இரண்டாம் உள்தேர்வில் 45. முன்னேற்றம்தான், ஆனால் விடைத்தாளைப் பார்த்தபோது மனம் கனத்தது. எழுதிய கேள்விகள் ஏறக்குறைய எல்லாம் சரி. மூன்று கேள்விகளைத் தொடவே இல்லை, நேரம் போதவில்லை. ஒரு மதிப்பெண் கேள்விக்குக்கூட ஆரம்பத்திலிருந்து அம்பு போட்டு வந்திருக்கிறார்.

ஓரிணைய ஆல்கஹாலை ஆல்டிஹைடோடு நிறுத்தும் வினைக்காரணி எது என்பது போன்ற கேள்விகளும் இருந்தன. நீரற்ற சூழலில் பிசிசி (பிரிடினியம் குளோரோகுரோமேட்டு) ஆல்டிஹைடில் நிறுத்தும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு அமிலம் வரை கொண்டுபோய்விடும். எஸ்டரை லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு ஒடுக்கும். சோடியம் போரோஹைட்ரைடு சாதாரணமாக அதைத் தொடாது. இவற்றுக்கும் காரணம் உண்டு, ஆனால் தேர்வறையில் உட்கார்ந்து வருவித்துக்கொண்டிருக்க முடியாது. தெரிந்திருக்க வேண்டும். அட்டைக் கட்டை வாங்கி வைத்த வேகத்தில் “மனப்பாடம் பண்ணவே வேண்டாம்” என்று நான் ஒரு நாள் சொல்லியிருந்தேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த மூன்று கேள்விகளும் என் கணக்கில் வர வேண்டியவை.

கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சேர்ந்து உட்கார்ந்து களைந்தோம். 164ல் 58 மிஞ்சின. வினைக்காரணிகளும் விதிவிலக்குகளும் மட்டும். புதிதாகச் சேர்த்தவற்றின் முன்பக்கம் கேள்வி வேறு மாதிரி இருந்தது: ‘மூவிணைய ஹாலைடு, வலிமையான காரம். எது நடக்காது, ஏன்?’ கடைசி ஆறு வாரம் ஒரு நாள் வினைவழிமுறை, மறுநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சிறுகேள்விகள் என்று மாற்றி மாற்றிப் போனோம்.

விளைவு

பருவத் தேர்வில் 63.

அந்தத் தாளில் எனக்கு நிறைவு தந்த இடம் ஒன்று உண்டு. 3-மெத்தில்-1-பியூட்டீனுடன் ஹைட்ரஜன் குளோரைடு சேரும் கேள்வி. மார்கோனிகாஃப் விதியை (ஹைட்ரஜன் ஏற்கெனவே அதிகம் உள்ள கார்பனிலேயே ஹைட்ரஜன் சேரும்) மட்டும் நம்பியிருந்தால் 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். முதலில் உருவாவது ஈரிணைய கார்பன் நேர்மின் அயனி, பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரைடு தாவினால் அது மூவிணையமாகி இன்னும் நிலைப்படும் என்று யோசித்து, 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேனும் கலந்து வரும் என எழுதியிருந்தார். தாவலைக் காட்டும் அம்பு ஹைட்ரஜனில் தொடங்காமல், கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் நடுவில் தொடங்கியிருந்தது. நான்காவது வாரத்தில் புரோமினில் தொடங்கிய அம்பு எனக்கு ஞாபகம் வந்தது.

சரியாகாததும் உண்டு. பல படித் தொகுப்பு அவருக்கு இன்னும் கைகூடவில்லை. பென்சீனிலிருந்து மெட்டா-புரோமோநைட்ரோபென்சீன் தயாரிக்கும் கேள்வியில் இரண்டு வினைக்காரணிகளையும் சரியாக எழுதி, வரிசையை மாற்றிவிட்டார். புரோமினை முதலில் ஏற்றினால் நைட்ரோ தொகுதி பெரும்பாலும் ஆர்த்தோ, பாரா இடங்களுக்கு (வளையத்தில் அடுத்த இடம், எதிர் இடம்) போய்விடும். நைட்ரோ ஏற்றத்தை முதலில் செய்ய வேண்டும். முன்னோக்கி யோசிக்கப் பழகிய அளவுக்கு, விளைபொருளிலிருந்து பின்னோக்கி யோசிக்க நாங்கள் பழகவில்லை. பதினாறு வாரத்தில் அதற்குக் கிடைத்தது கடைசி இரண்டு வகுப்புகள்தான்.

அடுத்த முறை மாற்றுபவை

இதே நிலையில் வேறொருவர் வந்தால், முதல் நாளே ஒரு கேள்வியைக் கொடுத்து வாய்விட்டுச் செய்யச் சொல்வேன். விடைத்தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் அவருக்கும் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும், அந்த 28ம் வந்திருக்காது.

களிமண்ணும் குச்சியும் முதல் வாரத்திலிருந்தே மேசையில் இருக்கும். அட்டைகளை மொத்தமாக வாங்கி வைக்க மாட்டேன். எதை மனப்பாடம் செய்ய வேண்டும், எதை வருவிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே அவரோடு உட்கார்ந்து பிரிப்பேன். ஆறாவது வாரத்திலிருந்தாவது வாரம் ஒரு தொகுப்புக் கேள்வியைப் பின்னோக்கிச் செய்ய வைப்பேன், இரண்டே படி உள்ள சின்னதாக இருந்தாலும்.

மாணவி இப்போது அடுத்த பருவத்துக்குப் படிக்கிறார். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். அசிட்டால்டிஹைடின் ஆல்டால் வினை, நான்கு அம்புகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு வாக்கியம். மூன்றாவது அம்பின் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி போட்டு, “இங்கே மின்சுமை ஒத்துவரல மேடம், நானே பார்த்துட்டுச் சொல்றேன்” என்று எழுதியிருந்தார்.